மடக்குக் கத்தியும் தீபாவளித் தள்ளுபடியும்

தீபாவளிக்கு மூன்று வாரம் முன்பிருந்தே எங்கள் வீட்டு வாசலில் அட்டைப்பெட்டிகள் குவிய ஆரம்பித்துவிடும். லக்னோவில் இருந்தாலும் சரி, லால்குடியில் இருந்தாலும் சரி, ஆன்லைன் கடைக்காரர்கள் யாரையும் விட்டுவைப்பதில்லை. பெட்டி வந்தால் பிரிக்க வேண்டும். பிரிக்கக் கைக்குக் கிடைப்பது சமையலறைக் கத்தி. போன வருஷம் தங்கமணி ஒரு நாள் கத்தியைத் தூக்கிக் காட்டி, "தேங்காய் பத்தை போடற கத்தியில இப்படிப் பசையை ஒட்ட வெச்சிருக்கீங்களே, மாமா வெச்சிருந்த மாதிரி ஒரு மடக்குக் கத்தி வாங்கிக்கக் கூடாதா?" என்றாள்.

கேட்டது நியாயமான கேள்விதான். ஆனால் அந்த 'மாமா வெச்சிருந்த' கத்தி விஷயத்தில் எனக்கு ஒரு குற்ற உணர்ச்சி இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் கத்தி தேடப் போன கதை.

தள்ளுபடி என்றால் ஒரு பி.காம். காரனுக்குச் சில அடிப்படைச் சந்தேகங்கள் வரும். எம்.ஆர்.பி. என்பது உச்சவரம்பு, அவ்வளவுதான். அந்தச் சரக்கு யாரோ ஒருவருக்காவது அந்த விலைக்கு விற்றதா என்று கேட்க வேண்டும். ஆகவே எது பிடித்திருந்தாலும் உடனே வாங்காமல் கார்ட்டில் போட்டு வைத்து, பண்டிகைக்கு ஒரு மாதம் முன்பிருந்தே விலையைக் குறித்துக்கொண்டு வருவது என் வழக்கம். 'அறுபது சதவீதத் தள்ளுபடி' என்று கூவுகிற பொருள், போன மாதம் என்ன விலைக்கு இருந்தது என்று பார்த்தால் பல நேரம் சிரிப்பு வரும். இப்படிக் கத்தி விலையைக் குறித்துக்கொண்டிருந்தபோதுதான், ஒரே மாதிரிச் சிவப்புப் பிடி, ஒரே மாதிரி வெள்ளைச் சிலுவை, ஆனால் ஒன்றின் விலை மற்றொன்றைப் போலப் பத்து மடங்கு இருப்பது ஏன் என்ற கேள்வி வந்தது. அதைத் தேடிப் போனால் அது நூறு, நூற்றைம்பது வருஷம் பின்னால் கொண்டுபோய் விட்டது.

மடக்குக் கத்தி ஒன்றும் புதுச் சமாசாரம் இல்லை. ஆஸ்திரியாவில் ஹால்ஸ்டாட் என்ற இடத்தில் கிடைத்தது கி.மு. 600-500 வாக்கைச் சேர்ந்தது என்கிறார்கள். கேம்பிரிட்ஜில் ஃபிட்ஸ்வில்லியம் மியூசியத்தில் ரோமானியர் காலத்து மடக்குக் கருவி ஒன்று இருக்கிறது. கத்தி, கரண்டி, முள்கரண்டி, குத்தூசி எல்லாம் ஒரே வெள்ளிப் பிடிக்குள். கி.பி. 3ஆம் நூற்றாண்டு. பயணம் போகிற எவனோ பணக்கார ரோமானியன் வைத்திருந்தது போலும்.

நம்மிடம் இல்லையா என்றால், இருந்தது. மடக்கெழுத்தாணி! ஒரு பிடி, அதற்குள் மடங்கும் எழுத்தாணி ஒரு பக்கம், ஓலையை நறுக்கி ஓரம் வாருவதற்குக் கத்தி மறுபக்கம். உ.வே.சாமிநாதையர் 'என் சரித்திர'த்தில் தம் காலத்தில் புழங்கிய எழுத்தாணி வகைகளைச் சொல்லும்போது இதையும் சொல்கிறார். வெள்ளைக்காரனுக்கும் இதே கதைதான். இறகுப் பேனாவின் முனையைச் சீவ ஒரு சின்னக் கத்தி சட்டைப்பையில் வேண்டியிருந்தது. 19ஆம் நூற்றாண்டில் இரும்பு நிப் வந்து இறகு போன பிறகும் கத்திக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அதைத்தான் நாமும் பேனாக்கத்தி என்கிறோம். பேனாவுக்கும் கத்திக்கும் என்ன சம்பந்தம் என்று சின்ன வயதில் நான் யோசித்திருக்கிறேன். நீங்களும் யோசித்திருப்பீர்கள். ஆக, கிழக்கோ மேற்கோ, மடக்குக் கத்தியைப் பையில் வைத்திருந்தவர்களில் நிறையப் பேர் சண்டைக்காரர்கள் இல்லை, என்னைப் போலக் கணக்குப்பிள்ளைகள்தான் :-)

இனி விலைக்கு வருவோம்.

19ஆம் நூற்றாண்டில் கத்தி என்றால் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு. 1851இல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சிக்காக அங்கே ஜோசப் ரோட்ஜர்ஸ் கம்பெனிக்காரர்கள் 75 அலகும் கருவியும் கொண்ட ஒரு ராட்சத மடக்குக் கத்தியைச் செய்து வைத்தார்கள். பைக்குள் போகாது, பார்க்கத்தான். அந்த ஊருக்குப் போட்டி ஜெர்மனியின் சோலிங்கன். சோலிங்கன்காரர்கள் மலிவாகச் செய்தார்கள். சிலர் அதில் ஷெஃபீல்டு என்றே முத்திரை குத்தியும் விற்றார்கள். ஷெஃபீல்டுக்காரர்கள் கூச்சல் போட, பிரிட்டிஷ் பார்லிமெண்ட் 1887இல் வணிகக் குறிச் சட்டம் கொண்டுவந்தது. வெளிநாட்டுச் சரக்கில் எந்த நாட்டுச் சரக்கு என்று போட வேண்டிய நிலை வந்தது. 'மேட் இன் ஜெர்மனி' அப்படிப் பிறந்ததுதான். இது மட்டச் சரக்கு, ஏமாந்துவிடாதே என்று வாங்குகிறவனை எச்சரிக்க வைத்த அடையாளம்! அதற்குப் பதினோரு வருஷம் முன்பு, 1876இல் ஃபிலடெல்ஃபியா கண்காட்சிக்குப் போன ஜெர்மானியப் பேராசிரியர் ரூலோ என்பவரே தன் நாட்டுச் சரக்கை மலிவு, மட்டம் என்று எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டார். இன்று நாம் சீனச் சரக்கைப் பற்றிப் பேசுகிறோமே, அதே ராகம், அதே தாளம்.

இந்தச் சோலிங்கன் மலிவுதான் சுவிட்சர்லாந்தில் ஒருவரைக் கிட்டத்தட்டத் தெருவில் நிறுத்தியது. அவர் பெயர் கார்ல் எல்செனர். 1884இல் ஷ்விட்ஸ் மாநிலத்தில் இபாக் என்ற ஊரில் கத்திப் பட்டறை ஆரம்பித்தவர். அப்போது சுவிஸ் ராணுவத்துக்குப் புதுத் துப்பாக்கி வந்திருந்தது. அதைக் கழற்றித் துடைக்கத் திருப்புளி வேண்டும். ரேஷன் டப்பாவைத் திறக்க ஒரு கருவி வேண்டும். இரண்டையும் சேர்த்து ஒவ்வொரு சிப்பாய்க்கும் ஒரு மடக்குக் கத்தி கொடுக்கலாம் என்று முடிவானது. அலகு, துளைபோடும் ஊசி, டப்பா திறப்பான், திருப்புளி, கறுப்பாக்கிய மரப் பிடி. நல்ல டெண்டர். ஆனால் பாருங்கள், அத்தனை கத்தியைச் செய்து தர ஒரு சுவிஸ் பட்டறைக்கும் வசதியில்லை. முதல் 15,000 கத்திகளைச் செய்தது சோலிங்கன் கம்பெனி.

சுவிஸ் சிப்பாயின் பையில் ஜெர்மன் கத்தியா என்று எல்செனருக்குப் பொறுக்கவில்லை. சுற்றுவட்டாரக் கத்திக்காரர்களையெல்லாம் கூட்டி ஒரு சங்கம் அமைத்தார். சேர்ந்து செய்து 1891இல் முதல் தொகுதியை ராணுவத்துக்குக் கொடுத்தார்கள். அப்புறம் ஆரம்பித்தது வினை. சோலிங்கனில் மெஷின் வைத்துச் செய்தார்கள், இவர்கள் கையால் செய்தார்கள். விலையில் ஈடுகொடுக்க முடியவில்லை. சங்கத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். எல்செனர் மட்டும் நஷ்டத்திலேயே விற்றுக்கொண்டிருந்து, கையிருப்பு முழுவதையும் இழந்தார்.

நான் பாங்கில் வேலை செய்கிறவன். இந்த இடத்தைப் படிக்கும்போது ஒரு லோன் ஃபைல்தான் எனக்குக் கண்முன் வந்தது. வாடிக்கையாளர் ஒரே ஒருவர், அரசாங்கம். போட்டியாளர் விலை குறைவு. கூட்டாளிகள் ஓடிவிட்டார்கள். மூலதனம் காலி. எந்த மேலாளராக இருந்தாலும் குறிப்பு எழுதி மூடியிருப்பார். எல்செனரைக் காப்பாற்றியது சொந்தக்காரர்கள் கொடுத்த பணமும், கடன்காரர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொண்டதும்தான்.

அந்த அவகாசத்தில் அவர் என்ன செய்தார் என்பதுதான் கதை. சிப்பாய்க் கத்தி தடியாக, கனமாக இருந்தது. அதிகாரிகளுக்காக மெலிசாக ஒன்று யோசித்தார். மடக்குக் கத்தியில் அலகை இறுக்கிப் பிடிப்பது முதுகில் இருக்கும் வில்தகடு. அந்தத் தகட்டின் ஒரு பக்கத்தை மட்டும்தான் அதுவரை பயன்படுத்தினார்கள். எல்செனர் அதே தகட்டின் இரண்டு பக்கத்திலும் கருவிகளை வைத்தார். இரண்டே தகடு, ஆறு கருவி. கனம் குறைந்தது, ஒரு சின்ன அலகும் கார்க் திருகியும் கூடுதலாகச் சேர்ந்தன. 1897 ஜூன் 12 அன்று பதிவு செய்தார். ராணுவம் இதை அதிகாரபூர்வமாக ஏற்கவில்லை (ஒயின் பாட்டில் திறப்பது நாட்டின் பாதுகாப்புக்கு அவசியமில்லை என்று நினைத்திருக்கலாம்). அதிகாரிகள் தங்கள் சொந்தக் காசில் வாங்கிக்கொண்டார்கள். கம்பெனி பிழைத்தது.

1909இல் அவருடைய அம்மா விக்டோரியா காலமானார். பிராண்டுக்கு அந்தப் பெயரை வைத்தார். 1921இல் துருப்பிடிக்காத எஃகு வந்தது, பிரெஞ்சில் அதைச் சுருக்கமாக 'இனாக்ஸ்' என்பார்கள். இரண்டும் சேர்ந்து விக்டரினாக்ஸ். டெலமோன் ஊரில் வெங்கர் என்று ஒரு போட்டிக் கம்பெனி. 1908இல் அரசாங்கம் ராணுவ ஆர்டரை இரண்டு பேருக்கும் பாதிப் பாதியாகப் பிரித்துவிட்டது. ஒருவர் ஜெர்மன் பேசும் பகுதி, மற்றவர் பிரெஞ்சு பேசும் பகுதி. ஒதுக்கீட்டு அரசியல் நமக்கு மட்டும் சொந்தமில்லை. 2005இல் விக்டரினாக்ஸ் வெங்கரை வாங்கிவிட்டது.

'ஸ்விஸ் ஆர்மி நைஃப்' என்ற பெயரை வைத்தது சுவிஸ்காரர்களே இல்லை. இரண்டாம் உலகப்போர் முடிந்து ஊருக்குத் திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள் ராணுவக் கேன்டீன்களில் இதைச் சகட்டுமேனிக்கு வாங்கினார்கள். ஜெர்மன் பெயர் வாயில் நுழையவில்லை, இப்படிச் சுருக்கிவிட்டார்கள். அப்புறம் பல வருஷம் விமான நிலைய டூட்டி ஃப்ரீ கடைகளில் மச்சானுக்கு ஒன்று, மேனேஜருக்கு ஒன்று என்று வாங்கிவரும் பொருளாக அது இருந்தது. 2001 செப்டம்பர் 11க்குப் பிறகு விமானத்தில் கையோடு கத்தி கொண்டுபோகக் கூடாது என்று வந்ததே, அப்போது கம்பெனியின் கத்தி விற்பனை முப்பது சதவீதத்துக்கு மேல் விழுந்தது. ஆனால் ஆட்குறைப்பு செய்யவில்லை. நல்ல காலத்தில் சேர்த்து வைத்த கையிருப்பு இருந்தது. வேலை நேரத்தைக் குறைத்தார்கள், லீவை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள், தொழிலாளிகள் சிலரைப் பக்கத்துக் கம்பெனிகளுக்கு இரவல் கொடுத்தார்கள். கைக்கடிகாரம், பெட்டி என்று மற்ற வியாபாரத்தை வளர்த்தார்கள். 2024இல், பல நாடுகளில் கத்திச் சட்டம் கடுமையாகிக்கொண்டு வருவதால் அலகே இல்லாத கருவி ஒன்றைச் செய்யப்போவதாகவும் சொன்னார்கள். கத்தியில்லாத கத்தி!

இதைப் படித்துக்கொண்டிருக்கும்போது எனக்கு ராம்பூர் ஞாபகம் வராமல் இருக்க முடியுமா?

டெல்லியிலிருந்து லக்னோ வருகிற ரயிலில் மொராதாபாத்துக்கும் பரேலிக்கும் நடுவில் வருகிற ஊர் ராம்பூர். நவாபுகளின் ஊர். இந்திப் படம் பார்த்தவர்களுக்கு ராம்பூரி சாக்கு தெரிந்திருக்கும். வில்லன் பட்டனை அமுக்குவான், அலகு விரியும், கதாநாயகி அலறுவாள். கராரிதார் என்று ஒரு வகை உண்டு. திறக்கும்போது பல்சக்கரம் உரசுகிற மாதிரி 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம். 1965இல் வந்த 'வக்த்' படத்தில் ராஜ்குமார் கத்தியைப் பற்றிப் பேசுகிற ஒரு வசனத்தை இன்றைக்கும் இங்கே டீக்கடையில் சொல்லிக்காட்டுவார்கள். சினிமா கொடுத்த புகழே அந்தக் கத்திக்கு வினையானது. 1990களில் நாலரை அங்குலத்துக்கு மேல் அலகு இருக்கும் கத்தி செய்யக்கூடாது என்று மாநில அரசு தடை போட்டது. பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. அதற்குள் மலிவான சீனக் கத்தியும் வந்துவிட்டது.

2011இல் நான் பரேலிப் பக்கம் ஒரு கிளையில் இருந்தேன். ராம்பூரிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். சாணை பிடிக்கிற மோட்டார் வாங்க ஐம்பதாயிரம் கடன் கேட்டார். மூன்று தலைமுறைக் கத்திக்காரர். "பாபுஜி, நான் வில்லன் கத்தி செய்யவில்லை, பழம் நறுக்குகிற கத்தி, தோட்டக் கத்தி செய்கிறேன்" என்றார். மாதிரிக்கு ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். பித்தளைப் பிடி, அதில் மீன் வடிவம், திறந்து மூடினால் வெண்ணெய் மாதிரி போகிறது. நான் மேசையில் வைத்து நாலைந்து முறை திறந்து திறந்து மூடினேன். அவர் சிரித்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தார்.

கள ஆய்வுக்குப் போனேன். ஓர் உலை, ஒரு கல், இரண்டு பையன்கள். அன்று சாயங்காலம் குறிப்பு எழுதினேன். 'சந்தை சுருங்கி வருகிறது. சட்டக் கட்டுப்பாடு உண்டு. திருப்பிச் செலுத்தும் திறன் ஐயத்துக்குரியது. பரிந்துரைக்கவில்லை.' ஒவ்வொரு வரியும் உண்மை. இன்றைக்கு எழுதச் சொன்னாலும் அநேகமாக அதையேதான் எழுதுவேன். அடுத்த வருஷம் அந்தப் பக்கம் போனபோது பட்டறை இருந்த இடத்தில் மொபைல் ரீசார்ஜ் கடை இருந்தது. பெரியவரைப் பற்றி விசாரித்தேன். மகனோடு டெல்லி போய்விட்டதாகச் சொன்னார்கள்.

2023 மார்ச்சில் ராம்பூரில் ஒரு சாலைச் சந்திப்பில் இருபது அடி நீளத்துக்கு ஒரு ராம்பூரி கத்தியைச் சிலையாக நிறுத்தி, 'சாக்கு சௌக்' என்று பெயரும் வைத்திருக்கிறார்கள். ரயிலில் உடன் வந்த ஒருவர் மொபைலில் படம் காட்டினார். எனக்கு அந்தக் குறிப்பின் கடைசி வரிதான் ஞாபகம் வந்தது.

சரி, மறுபடி கடைக்கு வருகிறேன். தள்ளுபடியில் கத்தி வாங்குகிறவர்களுக்கு நான் கற்றுக்கொண்டதைச் சொல்லிவிடுகிறேன். முதலில் சட்டம். ஆயுத விதிகளின்படி ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளம் அல்லது இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலம் உள்ள கத்தி ஆயுதக் கணக்கில் வரும். வீட்டு உபயோகம், விவசாயம் போன்றவற்றுக்கான கத்திகளுக்கு விலக்கு உண்டு. டெல்லியில் இருப்பவர்கள் இன்னும் ஜாக்கிரதை. அங்கே 1980லேயே, பட்டனில் திறக்கும் கத்தி, கராரிதார் வகைக்குத் தனியாக ஓர் அறிவிக்கை உண்டு. அதில் 7.62 செ.மீ. அலகே அதிகம். 'டாக்டிக்கல்', 'கமாண்டோ' என்றெல்லாம் பெயர் போட்டுத் தள்ளுபடியில் வருகிறதே, அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க வேண்டாம். பழம் நறுக்க, பெட்டி பிரிக்க இரண்டரை அங்குல அலகு ஏதேஷ்டம்.

அடுத்தது அசலா நகலா. பிடியில் இருக்கும் சிலுவையை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். அலகைத் திறந்து, அது பிடியோடு சேரும் அடிப்பகுதியைப் பாருங்கள். அசலில் கம்பெனிப் பெயர் அங்கே பொறித்திருக்கும். படத்தில் அந்த இடத்தைக் காட்டாத விற்பனையாளரிடம் நான் வாங்குவதில்லை.

பெட்டி பிரிப்பது மட்டும்தான் வேலை என்றால் இத்தனை செலவே தேவையில்லை, ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும் முனை ஒடிக்கிற கட்டர் போதும். அதுவும் லேசுப்பட்ட சரக்கில்லை. 1956இல் ஒசாகாவில் அச்சகத்தில் வேலை பார்த்த யோஷியோ ஒகாடா கண்டுபிடித்தது. செருப்புத் தைப்பவர்கள் கண்ணாடித் துண்டை ஒடித்து ஒடித்துக் கூர் பார்ப்பதும், அமெரிக்கச் சிப்பாய்கள் கொடுத்த சாக்லேட் கட்டியின் கோடுகளும் சேர்ந்து அவருக்கு யோசனை கொடுத்ததாம். ஓல்ஃபா என்ற பெயருக்கே ஜப்பானிய மொழியில் ஒடிக்கும் அலகு என்றுதான் அர்த்தம்.

நான் கட்டர் வாங்கவில்லை. சிவப்புக் கத்தியைத்தான் வாங்கினேன். காரணம் இருக்கிறது.

அப்பா மன்னார்குடியில் ஒரு பாங்கில் கேஷியராக இருந்தார். அந்தக் காலத்தில் நோட்டுக் கட்டுகளைத் தடித்த ஸ்டேப்பிள் பின் அடித்துத்தான் வைப்பார்கள். பிரிக்கிறவர் விரல் பிய்ந்துவிடும். 2001இல் ரிசர்வ் பாங்க் பின் அடிக்கக்கூடாது என்று உத்தரவு போட்டது, அதனால் என் தலைமுறைக்கு அந்த அவஸ்தை தெரியாது. அப்பா 1984இல் சென்னை பர்மா பஜாரில் ஒரு சிவப்பு மடக்குக் கத்தி வாங்கினார். அதன் திருப்புளி முனையால் பின்னை ஒரே நெம்பு, கட்டு பிரிந்துவிடும். சாயங்காலம் அதே கத்தியில் எங்களுக்குக் கொய்யாப்பழம். எண்பது ரூபாய் சொன்னதை நாற்பத்தைந்துக்குப் பேசி வாங்கினேன் என்று சொல்லிச் சொல்லி மகிழ்வார். 2004இல் எனக்கு வடக்கே போஸ்டிங் வந்தபோது ஸ்டேஷனில் என் பையில் போட்டுவிட்டார்.

2009 பொங்கலுக்கு முதல் தடவையாக விமானத்தில் ஊருக்குக் கிளம்பினேன். கத்தி தோள்பையிலேயே இருந்தது. ஞாபகமே இல்லை. பாதுகாப்புச் சோதனையில் எடுத்தார்கள். திரும்பிப் போய் லக்கேஜில் போட்டால் விமானம் போய்விடும். அந்தக் கண்ணாடிப் பெட்டியில் போட்டுவிட்டு நடந்தேன். உள்ளே என் கத்தி மாதிரியே பத்துப் பதினைந்து கிடந்தன. அப்பா கேட்டபோது ஆபீஸ் டிராயரில் பத்திரமாக இருக்கிறது என்று சொன்னேன். பதினைந்து வருஷமாக அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அலகின் அடியில் பெயர் பார்க்க வேண்டும் என்று இத்தனை நேரம் உங்களுக்குச் சொன்னேனே, அதைத் தெரிந்துகொண்ட அன்று ராத்திரி அப்பாவின் கத்தியை மனசுக்குள் திறந்து பார்த்தேன். அந்த இடத்தில் 'ஸ்டெயின்லெஸ்' என்ற ஒரே வார்த்தை. வேறு எதுவும் கிடையாது. நன்றாக ஞாபகம் இருக்கிறது.

இந்தப் பொங்கலுக்கு ரயிலில் போனபோது புதுக் கத்தியை எடுத்துப் போய் அப்பாவிடம் காட்டினேன். எண்பது தாண்டிவிட்டது, கை நடுங்குகிறது. நகத்தால் அலகைத் திறக்கச் சிரமப்பட்டார். நான் திறந்து கொடுத்தேன். கட்டைவிரலால் கூர் பார்த்தார்.

"எவ்வளவுடா ஆச்சு?"

விலையில் பாதியைச் சொன்னேன்.

"அநியாயம். நான் நாப்பத்தஞ்சு ரூபாய்க்கு வாங்கினேன். அதுவும் அசல்" என்றார். தட்டிலிருந்த கொய்யாவை எடுத்து நாலாக நறுக்கி என் பையனிடம் ஒரு துண்டைக் கொடுத்துவிட்டு, "அது இருக்கோன்னோ?" என்று கேட்டார்.

"ஆபீஸ்ல இருக்குப்பா."